நவம்பரில் இரண்டாவது பிள்ளை: முதலில் மூத்தவளின் நாளை ஒழுங்குபடுத்துங்கள்

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். இப்போது, ஒக்ரோபர் தொடக்கத்தில், அவருக்கு 32 வாரம். நவம்பர் கடைசியில் பிள்ளைப்பேறு. மூத்த மகளுக்கு டிசம்பரில்தான் 4 வயது நிறையும். செப்ரெம்பரில் ஜே.கே. (ஜூனியர் கிண்டர்கார்டன், பள்ளிக்கூடத்தின் முதல் மழலையர் வகுப்பு) தொடங்கியதிலிருந்து காலையில் பள்ளிக்கூட வாசலில் அழுகை, இரவில் அம்மாவைக் கட்டிப்பிடித்தால்தான் நித்திரை. கணவருக்குப் பின்னேர ஷிஃப்ற். அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார், விசா இன்னும் கைக்கு வரவில்லை. "மூத்தவளின் போது சாமான் எல்லாம் வாங்கி அடுக்கி வைத்திருந்தேன். இந்த முறை ஒன்றுமே செய்யவில்லை, குளிரும் வரப்போகிறது. எங்கிருந்து தொடங்குவது? அவளுக்கு அநியாயம் செய்கிறேனோ என்றும் மனம் கிடந்து அடிக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

தங்கச்சி, நான் இந்த ஊரில் மிட்வைஃபாக (பேறு பார்க்கும் மருத்துவிச்சியாக) வேலை செய்கிறேன். இரண்டாவது பிள்ளைக்குக் காத்திருக்கும் தமிழ் வீடுகளுக்கு இலையுதிர் காலத்தில் நிறையப் போய்வந்திருக்கிறேன். உங்களுடைய கேள்விக்கு என் பதில் இதுதான்: மூத்தவளிடமிருந்து தொடங்குங்கள். வரப்போகும் பிள்ளைக்கு முதல் மாதத்தில் தேவையானவை மிகக் கொஞ்சம். பால், தட்டையான ஒரு படுக்கை, கார் சீற், டயப்பர், சில உடுப்புகள். இதில் பாதி உங்கள் பேஸ்மென்ற்றில் பெட்டிக்குள் ஏற்கனவே இருக்கும். புதுக் குழந்தைக்கு எங்கள் வீட்டு வழக்கம் எதுவும் தெரியாது, அதனால் எதையும் இழந்ததாக நினைக்காது. மூத்தவளுக்குத்தான் எல்லாம் தெரியும். யார் தலை இழுப்பது, யார் கதை சொல்வது, எந்தப் பக்கம் அம்மா படுப்பது என்று அவளுடைய நாள் முழுவதும் உங்கள் கைகளால் ஆனது. அந்த நாள்தான் நவம்பர் கடைசியில் குலையப்போகிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இப்போதே மாற்றி வைத்தால், பிள்ளை பிறக்கும் அன்று அவளுக்கு ஒரு புதுமைதான் இருக்கும், ஐந்தாறு புதுமைகள் ஒன்றாக வந்து விழாது.

நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. மூத்த பிள்ளைக்குச் செய்யவேண்டிய மாற்றம் எதுவானாலும் ஒக்ரோபர் முடிவதற்குள் தொடங்குங்கள். அதற்குள் முடியாதென்றால் அடுத்த பெப்ரவரி, மார்ச் வரை தள்ளிப்போடுங்கள். தொட்டிலிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது, இரவு டயப்பரை விடுவது, உங்கள் படுக்கையிலிருந்து தனிப் படுக்கைக்கு அனுப்புவது எல்லாம் இதற்குள் வரும். பிள்ளைப்பேறுக்கு முந்தின மூன்று வாரமும் பிந்தின இரண்டு மாதமும் எதையும் அவளிடமிருந்து எடுக்கவேண்டாம். இரவு டயப்பரை இப்போது விடத் தயாரில்லை என்றால் அது இருக்கட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பகலில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள்கூட குழந்தை வந்த பிறகு கொஞ்ச நாள் உடுப்பை நனைப்பார்கள், போத்தலில் பால் கேட்பார்கள். கண்டிக்காமல் விட்டால் சில வாரங்களில் அது தானாகப் போய்விடும்.

படுக்கையை மட்டும் தள்ளிப்போட முடியாது. நான்கு வயதுப் பிள்ளையும் பிறந்த குழந்தையும் ஒரே மெத்தையில் படுப்பது ஆபத்து. மூத்தவள் நித்திரையில் புரண்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அதனால் உங்கள் அறையிலேயே ஒரு சின்ன மெத்தையைப் போட்டு இந்த மாதமே அவளை அதில் படுக்க வையுங்கள். தனி அறைக்கு அனுப்ப அவசரப்படவேண்டாம். அவளுடைய பழைய தொட்டில் இன்னும் அறையில் நின்றால் அதை உடனே குழந்தைக்கென்று அலங்கரிக்காதீர்கள். மடித்து மறைவாக வைத்துவிட்டு, ஐந்தாறு வாரம் கழித்து வெளியே எடுங்கள். அதற்குள் அது தன்னுடையது என்ற எண்ணம் அவளிடம் தேய்ந்திருக்கும்.

அடுத்து, அப்பா. பின்னேர ஷிஃப்ற் என்பதால் இரவில் அவர் வீட்டில் இல்லை, சரி. ஆனால் காலை இருக்கிறதே. நடுநிசியில் வந்து படுப்பவரைக் காலை எட்டு மணிக்கு எழுப்புவது பாவம்தான், எனக்கும் தெரியும். என்றாலும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் வேலையை இந்தக் கிழமையிலிருந்தே, வாரத்தில் மூன்று நாளாவது, அவரிடம் கொடுங்கள். குழந்தை பிறந்த பிறகு திடீரென்று அப்பா கூட்டிப்போகத் தொடங்கினால், "பாப்பா வந்தது, அம்மா போய்விட்டா" என்றுதான் அவள் கணக்குப் போடுவாள். இப்போதே தொடங்கினால் அது அப்பாவுக்கும் அவளுக்கும் உரிய வழக்கமாகிவிடும். இன்னொரு பலனும் உண்டு. அம்மாவிடம் அழும் அளவுக்கு அப்பாவிடம் வாசலில் அழாத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த அழுகை பற்றியும் சொல்லவேண்டும். ஒன்ராறியோவில் பிள்ளைக்கு 4 வயது நிறையும் ஆண்டின் செப்ரெம்பரிலேயே ஜே.கே. தொடங்கிவிடுகிறது. டிசம்பரில் பிறந்த உங்கள் மகள் 3 வயது 9 மாதத்தில் முழுநாள் பள்ளிக்கூடம் போகிறாள். அதே வகுப்பில் ஜனவரியில் பிறந்த பிள்ளை அவளைவிட ஏறக்குறைய ஒரு வயது மூப்பு. ஒக்ரோபரிலும் அழுகிறாள் என்றால் அவளில் குறை ஒன்றும் இல்லை. ஆசிரியரிடம் உங்கள் பிள்ளைப்பேற்றுத் திகதியைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் போன பத்து நிமிடத்தில் அவள் எப்படி இருக்கிறாள் என்றும் கேளுங்கள், பெரும்பாலும் விளையாடிக்கொண்டிருப்பாள். பிரியும்போது ஒவ்வொரு நாளும் ஒரே சொல், ஒரே முத்தம், திரும்பிப் பார்க்காமல் நடை. வாசலில் நின்று ஆறுதல் சொல்லச் சொல்ல அழுகை நீளும்.

குழந்தை எப்போது வரும் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது என்பதற்கு இந்தப் பருவமே கைகொடுக்கும். "இன்னும் எட்டுக் கிழமை" என்றால் அவளுக்கு விளங்காது. வாசலில் நிற்கும் மேப்பிள் மரத்தைக் காட்டுங்கள். இலை சிவக்கும், ஹலோவீன் வரும், இலை எல்லாம் விழுந்து முடியும், அதற்குப் பிறகு பாப்பா வரும். நவம்பர் 26 என்று திகதி சொல்லவேண்டாம். 37 வாரத்துக்குப் பிறகு எப்போதும் வரலாம், 41 வாரமும் ஆகலாம், பிந்தினால் அவளிடம் பொய் சொன்னதாக ஆகிவிடும். சனிக்கிழமையில் இலை கூட்டும்போது அவளிடமும் ஒரு சின்ன வாரி கொடுத்து அப்பாவோடு விடுங்கள். இலைக் குவியலில் குதிப்பது இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய செல்வம். அதைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், நீங்களும் அவளோடு இருந்ததாகத்தான் அவள் எடுத்துக்கொள்வாள்.

இனி நோய்கள். இதில் கொஞ்சம் நின்று எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீடுகளில் கவனிக்காமல் விடுவது இதுதான். ஜே.கே. தொடங்கிய பிள்ளை செப்ரெம்பரிலிருந்து சளியை வீட்டுக்குக் கொண்டுவந்தபடியே இருக்கும். சாதாரண சளி உங்களைக் களைக்க வைக்கும், வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கில்லை. ஆனால் சைட்டோமெகலோவைரஸ் என்று ஒன்று இருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் பல மாதங்கள் இருக்கும், பிள்ளைக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. கர்ப்பிணித் தாய்க்குத் தொற்றி வயிற்றுப் பிள்ளைக்குப் போனால் சில பிள்ளைகளுக்குக் காது கேட்காமல் போகலாம். அதனால்தான் 2019இலிருந்து ஒன்ராறியோவில் பிறந்த குழந்தையின் குதியில் எடுக்கும் இரத்தத்தில் இதையும் பார்க்கிறார்கள். எங்கள் அம்மாமார் சோற்றைக் குழைத்து ஊட்டிவிட்டு, பிள்ளை மிச்சம் விட்டதை வழித்துத் தாங்கள் சாப்பிடுவார்கள். பிள்ளை கடித்த அப்பிளை வாங்கிக் கடிப்பார்கள். சோறு வீணாகக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள், அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் பிள்ளை பிறக்கும் வரை அந்த மிச்சத்தை அப்பா சாப்பிடட்டும். உங்களுக்கு வேறு கோப்பை, வேறு கரண்டி, வேறு தண்ணீர்க் குவளை. வாயில் கொஞ்சாமல் நெற்றியிலும் தலையிலும் கொஞ்சுங்கள். மூக்குத் துடைத்தாலும் கழுவிவிட்டாலும் உடனே சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இவ்வளவுதான் தடுப்பு, இதற்கு ஊசி இல்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து "கன்னம் சிவக்கும் நோய்" என்று கடிதம் வந்தால் பையில் போட்டு மறந்துவிடாதீர்கள். அது பார்வோவைரஸ். உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கோ மிட்வைஃபுக்கோ அன்றைக்கே சொன்னால் இரத்தப் பரிசோதனை செய்து உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மகளின் மஞ்சள் நிறத் தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 2024 ஒக்ரோபரில் தொடங்கி 2025 ஒக்ரோபர் வரை இந்த மாகாணத்தில் சின்னமுத்து பரவியதை மறந்திருக்கமாட்டீர்கள். அந்தத் தடுப்பூசியைக் கர்ப்பிணிக்குப் போட முடியாது, பிறந்த குழந்தைக்கும் போட முடியாது. மூத்தவளுக்குப் போட்டிருப்பதுதான் வீட்டுக்குள் உங்கள் இருவருக்கும் காவல்.

உங்களுக்கு இப்போது போடவேண்டிய ஊசிகள் இருக்கின்றன. குக்கல் இருமலுக்கான ஊசியை ஒவ்வொரு கர்ப்பத்திலும் போடவேண்டும், மூத்தவளின் போது போட்டிருந்தாலும் சரி. 27 முதல் 32 வாரம் அதற்கு நல்ல காலம். இன்னும் போடவில்லையென்றால் இந்தக் கிழமையே கேளுங்கள். காய்ச்சல் (ஃப்ளூ) ஊசி ஒக்ரோபரில் வந்துவிடும், பார்மசியிலேயே போடலாம். 6 மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் ஊசி கிடையாது, நீங்கள் போட்டுக்கொள்வதுதான் குழந்தைக்கும் போய்ச் சேரும். மூன்றாவது ஆர்.எஸ்.வி., குழந்தைகளின் நெஞ்சைத் தாக்கும் ஒரு வைரஸ். இங்கே இரண்டு வழி உண்டு: உங்களுக்கு 32 முதல் 36 வாரத்துக்குள் ஊசி, அல்லது பிறந்த பிறகு குழந்தைக்கு நேரடியாக எதிர்ப்பொருள் ஊசி. 2024 இலையுதிர் காலத்திலிருந்து ஒன்ராறியோவில் ஆர்.எஸ்.வி. பருவத்தில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த இரண்டாவது ஊசி இலவசம், பொதுவாக இதைத்தான் விரும்பிப் பரிந்துரைக்கிறார்கள். நவம்பர் கடைசியில் பிறக்கும் பிள்ளை ஆர்.எஸ்.வி. உச்சத்துக்குள்ளேயே வருகிறது. ஆஸ்பத்திரியை விட்டு வரும் முன் போட்டாயிற்றா என்று வாய்திறந்து கேளுங்கள்.

வயிற்றுப் பிள்ளையின் அசைவு. முதல் பிள்ளையின் போது கையை வயிற்றில் வைத்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். இந்த முறை பகல் முழுவதும் மூத்தவளுக்குப் பின்னால் ஓடுவதில் அசைவு குறைந்தாலும் தெரியாமல் போகலாம். ஒரு நாளில் ஒரு நேரம், மகள் படுத்த பிறகு, இடப்பக்கமாகச் சரிந்து படுத்து அசைவைக் கவனியுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் 6 அசைவு வரவேண்டும்; பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே வந்துவிடும். வரவில்லையென்றால் காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இனிப்புக் குடித்துப் பார்ப்போம், குளிர்தண்ணீர் குடித்துப் பார்ப்போம் என்று நேரம் போக்கவேண்டாம். 24 முதல் 28 வாரத்தில் பார்க்கும் சீனிப் பரிசோதனை மூத்தவளைப் பார்க்க ஆளில்லாமல் தவறிப்போயிருந்தால் அதையும் உடனே செய்துவிடுங்கள், எங்கள் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு அதிகம். கந்தசஷ்டி விரதம் இந்த முறை வேண்டாம். முருகன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், சாப்பாட்டை விடாதீர்கள்.

நவம்பரின் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு மணித்தியால நித்திரை கூடுதல். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் காலை ஐந்து மணிக்கே விடிந்துவிடும். உங்களுக்கு அது 36, 37ஆவது வாரம். முந்தின கிழமையிலிருந்தே மகளின் சாப்பாடு, குளிப்பு, படுக்கை எல்லாவற்றையும் நாளுக்குப் பத்து நிமிடம் பிந்தச் செய்து வந்தால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தப்பும். நேரம் மாறிய பிறகு மாலை ஐந்து மணிக்கே இருட்டு, டிசம்பர் தொடக்கத்தில் 4.40க்கே சூரியன் மறையும். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குள் நுழைந்தால் பிறகு வெளிச்சம் இல்லை. அதனால் வரும் வழியிலேயே பார்க்கில் இருபது நிமிடம் நில்லுங்கள், குளிர்ந்தாலும் பரவாயில்லை, ஜக்கெற்றைப் போட்டுவிட்டு நில்லுங்கள். பிள்ளைக்கு நித்திரை வரும், உங்கள் மனமும் கொஞ்சம் நிமிரும்.

மனத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இங்கே இருட்டும் தனிமையும் சேர்ந்து வரும் மாதத்தில் நீங்கள் பிள்ளை பெறப்போகிறீர்கள். இரவு ஒன்பது மணிக்கு, அவர் வேலையில், இரண்டு பிள்ளைகளும் அழும்போது யாரிடம் கதைப்பது? அதற்கு ஒரு பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும் இப்போதே முடிவாகியிருக்கவேண்டும். மச்சாளோ, கோயிலில் தெரிந்த அக்காவோ, யாராக இருந்தாலும் "நான் எடுத்தால் நீங்கள் எடுக்கவேண்டும்" என்று கேட்டு வையுங்கள். உடம்பு பற்றிய சந்தேகத்துக்கு 811ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தாதி கதைப்பார். பிள்ளை பிறந்து இரண்டு கிழமைக்குப் பிறகும் அழுகை நிற்கவில்லை, குழந்தை நித்திரை கொள்ளும்போதுகூட உங்களுக்கு நித்திரை வரவில்லை, ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது குணத்தில் வந்த குறை அல்ல, மருத்துவம் உள்ள நோய். என்னைப் போன்றவர்களிடம் சொல்லுங்கள், கணவரிடமும் இதை வாசிக்கக் கொடுங்கள். உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தால் 988.

கணவருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும், இதை நான் மிகவும் அழுத்திச் சொல்வேன். வேலைக் காப்புறுதியில் உங்களுக்கு 15 வாரப் பேறுகாலப் பணம், அதற்குப் பிறகு பெற்றோருக்கான பணம். சாதாரண முறையில் பெற்றோர் பணம் இருவருக்கும் சேர்த்து 40 வாரம். ஆனால் ஒருவர் 35க்கு மேல் எடுக்க முடியாது. மிச்சம் 5 வாரம் மற்றவருக்கு. அவர் எடுக்காவிட்டால் அது இல்லாமலே போய்விடும். நீண்ட முறையில் 69 வாரம், ஒருவருக்கு உச்சம் 61, மற்றவருக்கு 8. சாதாரண முறையில் சம்பளத்தின் 55 சதவீதம் ஓர் உச்சவரம்பு வரை, நீண்ட முறையில் 33 சதவீதம். உங்களோடு ஒரே நேரத்தில் அவரும் எடுக்கலாம். எங்கள் ஆட்களில் பலர் "ஆம்பிளைக்கு என்ன லீவு" என்று அந்த ஐந்து வாரத்தைத் தொடுவதே இல்லை. அம்மா வரமுடியாத வீட்டில், மூத்தவள் ஜே.கே. போகும் வீட்டில், அந்த ஐந்து வாரத்தை விடப் பெரிய உதவி எங்கிருந்து வரும்? வேலையிடத்துக்கு இரண்டு கிழமை முன்பு எழுத்தில் சொல்லவேண்டும். குழந்தை எப்போதும் வரலாம் என்பதால் நவம்பர் தொடக்கத்திலேயே கடிதத்தைக் கொடுத்துவிடட்டும். உங்கள் பக்கம் ஒரே ஒரு விஷயம்: கடந்த 52 வாரத்துக்குள், அல்லது முந்தின கொடுப்பனவுக்குப் பிறகு, 600 மணித்தியாலம் வேலை செய்திருக்கவேண்டும். மூத்தவளுக்குப் பிறகு பகுதிநேரமாகத்தான் திரும்பினீர்கள் என்றால் கணக்கை இப்போதே பாருங்கள். கொஞ்சம் குறைந்தால் இன்னும் சில ஷிஃப்ற் செய்து நிரப்ப இடமிருக்கிறது.

குசினிக்கு வருவோம். பிள்ளைப்பெறு காயத்தை, அதாவது மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி எல்லாம் சேர்த்து அரைக்கும் அந்தச் சரக்கை, இப்போதே வறுத்து இடித்து வைத்துவிடலாம். அம்மாவை வீடியோவில் எடுத்துப் பக்குவம் கேளுங்கள்; அவருக்கும் அது பெரிய ஆறுதல். பத்தியக் கறி நல்ல சாப்பாடு, சுடச்சுடச் சோற்றோடு சாப்பிடலாம். ஆனால் பால் சுரக்கவென்று கிழமைக்கு இரண்டு தரம் சுறா வறை செய்யும் வழக்கத்தை மாற்றவேண்டும். சுறாவில் பாதரசம் அதிகம். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் சுறாவை மாதத்துக்கு 150 கிராமுக்கு மேல் சாப்பிடவேண்டாம் என்பது கனடிய சுகாதாரத் திணைக்களத்தின் அறிவுரை. அது ஒரு நேர வறைக்குத்தான் காணும். சூடை, நெத்தலி, சால்மன் இவற்றில் பாதரசம் குறைவு, சத்துக்குக் குறைவில்லை. முருங்கையிலை தமிழ்க் கடைகளில் உறைந்த பக்கெற்றாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு முறை சமைக்கும்போதும் இரட்டிப்பாகச் செய்து பாதியை ஃபிறீசரில் வையுங்கள். அதில் காரம் இல்லாத, மூத்தவள் சாப்பிடும் சாப்பாடும் இருக்கட்டும். எல்லோரும் தாய்க்குச் சமைத்துக்கொண்டு வருவார்கள். அந்த வீட்டில் இன்னொரு சின்ன வயிறு இருப்பதை மறந்துவிடுவார்கள்.

வீட்டுச் சாமான்களில் காசு போடவேண்டிய ஒரே இடம் கார் சீற். மூத்தவளுடையதின் காலாவதித் திகதியைப் பாருங்கள், பிளாஸ்டிக்கில் அச்சடித்திருக்கும். அவள் 18 கிலோ ஆகும் வரை பட்டி உள்ள சீற்றில்தான் இருக்கவேண்டும், இடம் போதவில்லை என்று பூஸ்ரருக்கு மாற்றவேண்டாம். இரண்டு சீற்றும் பின்னால் ஒன்றாகப் பொருந்துகிறதா என்று இந்த மாதமே பூட்டிப் பாருங்கள். தடித்த குளிர் ஜக்கெற்றோடு பட்டி போடக்கூடாது. மோதும்போது ஜக்கெற் நசிந்து பட்டி தளர்ந்துவிடும். மெல்லிய உடுப்போடு பூட்டிவிட்டு மேலே போர்வையைப் போடுங்கள், இருவருக்கும் இதே விதி. ஏணை கட்டும் ஆசை இருந்தால் பகலில் நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்கும் நேரத்தோடு நிறுத்துங்கள், நித்திரை கொண்டதும் தூக்கித் தட்டையான தொட்டிலில் நிமிர்த்திப் படுக்க வையுங்கள். தலையணை, போர்வை ஒன்றும் தொட்டிலுக்குள் வேண்டாம், அறை 20 முதல் 22 பாகை இருந்தால் போதும். சாம்பிராணிப் புகை ஊரில் சரி, அங்கே ஜன்னல் திறந்திருக்கும். இங்கே நவம்பரில் அடைத்த வீட்டுக்குள் அந்தப் புகை குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகும்.

பிள்ளைப்பேறு தொடங்கும் நேரத்தில் மூத்தவளை யார் பார்ப்பது? இதற்கு இரண்டு ஆட்கள் வேண்டும், ஒருவர் பகலுக்கு, ஒருவர் இரவுக்கு. இரண்டாவது பேறு பொதுவாக முதலாவதைவிட விரைவு. முதலாவது பதினெட்டு மணித்தியாலம் எடுத்தது என்று இதற்கும் அந்தக் கணக்குப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். நோவு ஒழுங்காக வரத் தொடங்கியதும் அழையுங்கள், அவர் வேலையிலிருந்து 401 நெடுஞ்சாலையில் வந்து சேர எடுக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைக்குள் கைத்தொலைபேசி எடுக்கமாட்டார் என்றால் சுப்பவைசரின் இலக்கம் உங்களிடம் இருக்கவேண்டும். மூத்தவளைப் பார்க்க வரும் ஆளின் வீட்டில் அவள் ஒரு இரவு முன்கூட்டியே படுத்துப் பழகினால் நல்லது. ஒக்ரோபரில் வரும் தாங்ஸ்கிவிங் நீண்ட வாரஇறுதி அதற்கு வசதி. ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம் என்றால் பெரும்பாலும் ஒரு நாள்தான் இருப்பீர்கள். காய்ச்சல் காலத்தில் சின்னப் பிள்ளைகளை உள்ளே விடுவார்களா என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள். விடமாட்டார்கள் என்றால் "நான் போய் ஒரு நித்திரை, அல்லது இரண்டு நித்திரையில் வந்துவிடுவேன்" என்று மகளிடம் சொல்லி வைக்கலாம்.

பிறகு வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். 31ஆம் நாள் துடக்குக் கழிவு வரை வராதவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். வந்தவர்களில் ஒருவர் மூத்தவளிடம் "இனி உன்னை ஆர் பாப்பினம்? அம்மா பாப்பாவுக்குத்தான்" என்று பகிடியாகக் கேட்பார். பெரியவர்களுக்கு அது பகிடி, நான்கு வயதில் அது செய்தி. கணவர் வாசலிலேயே மெதுவாகச் சொல்லிவிடட்டும்: முதலில் மூத்தவளோடு கதையுங்கள், பிறகு குழந்தையைப் பாருங்கள். "நீ இப்ப பெரிய பிள்ளை, அழக்கூடாது" என்பதும் வேண்டாம். அவள் பெரிய பிள்ளை இல்லை, ஜே.கே. தொடங்கி மூன்று மாதம் ஆன சின்னப் பிள்ளை.

அநியாயம் செய்கிறேனோ என்று கேட்டீர்கள். தங்கச்சி, முதல் கிழமைகளில் உங்கள் நேரம் அவளுக்குக் குறையத்தான் செய்யும், அதை மறைக்க முடியாது. குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம் அவளைத் தள்ளிவைக்கும் நேரமாகாமல் பார்த்தால் போதும். பால் கொடுக்கும் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் அந்த நேரம் மட்டும் எடுக்கும் புத்தகங்கள், நிறப்பென்சில், ஒரு சின்ன நொறுக்குத்தீனி. ஒரு கையில் குழந்தை, மறு தோளில் அவள் சாய்ந்து புத்தகம் பார்ப்பாள். நாளுக்குப் பத்து நிமிடம் குழந்தை அப்பாவிடம் இருக்க, நீங்கள் அவளோடு மட்டும் இருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது என்று அவள்தான் சொல்லவேண்டும். சீசர் சத்திரசிகிச்சை என்றால் ஆறு கிழமைக்கு அவளைத் தூக்கக்கூடாது; அதற்கு இப்போதே பழக்கம் செய்யுங்கள், நீங்கள் சோபாவில் இருக்க அவள் ஏறி மடிக்கு வரட்டும். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொள்ள மனம் சொல்லும். முதல் ஒன்றிரண்டு நாள் வைத்திருங்கள், அதற்குப் பிறகு அனுப்புங்கள். பாப்பா இல்லாத ஓரிடம் அவளுக்கு இருப்பது நல்லது. பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்து நோகும், முதல் பிள்ளையைவிட இந்த முறை கூடுதலாக. கர்ப்பப்பை சுருங்குவதால் வருவது, சில நாளில் குறையும். அவள் முன்னால் முகம் சுளித்தால் "பாப்பா அம்மாவுக்கு நோவு தருது" என்று நினைப்பாள், அதனால் அது என்னவென்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் விசாவைப் பற்றி. பெற்றோருக்கான சுப்பர் விசா என்றால் ஒருமுறை வந்து 5 வருடம் வரை தங்கலாம், 100,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதி காட்டவேண்டும். ஆனால் நவம்பருக்குள் வந்துவிடும் என்று நம்பி வேறு ஒன்றும் ஒழுங்கு செய்யாமல் இருக்காதீர்கள். ஜனவரியில் வந்தாலும் பிந்திப்போகவில்லை. அதுதான் கூட உதவும் என்பது என் எண்ணம். அப்பாவின் ஐந்து வாரம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பும் நேரம், வாசலில் பனி குவிந்து மூத்தவளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவது பெரும்பாடாகும் நேரம், சமைத்துக்கொண்டு வந்தவர்கள் வராமல் நின்றுவிட்ட நேரம். அம்மம்மா அப்போது வந்து இறங்கினால் மூத்தவளுக்கும் தனக்கென்று ஒரு மடி கிடைக்கும். ரிக்கெற் போடும்போது அதை மனதில் வையுங்கள், அவருக்கான குளிர் ஜக்கெற்றையும் பூற்ஸையும் அவர் வருமுன்பே வாங்கி விமான நிலையத்துக்கே கொண்டுபோங்கள்.